அப்டேட் பிரிவு மேலாளர் சமூகத்துக்கு ஓர் ஆக்கிரமிப்பு மனு

அனுப்புநர்
64 ஜிபி மனை ஒன்றின் உரிமையாளர் (என்று தன்னை நினைத்துக்கொண்டிருப்பவர்),
தமிழ்நாடு.

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
மென்பொருள் அப்டேட் பிரிவு,
கைப்பேசி நிறுவனத் தலைமையகம்.

பொருள்: ஆக்கிரமிப்பு அகற்றக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: ‘ஸ்டோரேஜ் நிரம்பிவிட்டது, தேவையற்றதை நீக்குங்கள்’ என்று தாங்கள் இடைவிடாமல் அனுப்பிவரும் அறிவிப்புகள்.

ஐயா / அம்மா,

நிறுவனத்தின் பெயரை எழுதாமல் விட்டது மறதியால் அல்ல. ஒரு பெயரை எழுதினால் மற்ற நிறுவனங்களெல்லாம் ‘நமக்கில்லை’ என்று நிம்மதியாகத் தூங்கிவிடும். ஆகவே இந்த மனு யார் கையில் கிடைக்கிறதோ, அவர்களுக்கே உரியது.

எங்கள் ஊரில் நிலம் வாங்கினால், பத்திரத்தில் இருக்கும் அளவு இடத்திலும் இருக்கிறதா என்று பார்ப்போம். இல்லையென்றால் சர்வேயரைக் கூப்பிட்டுக் கல் நடச் சொல்வோம். தங்கள் பெட்டியின் மேல் 64 ஜிபி என்று கொட்டை எழுத்தில் இருந்தது. முழுத் தொகையும் கொடுத்து, பில் வாங்கி, டெம்பர்டு கிளாஸும் ஒட்டி வீட்டுக்கு வந்து திறந்தால், மனையில் ஏற்கெனவே ஆள் குடியிருக்கிறார். பெயர் ‘சிஸ்டம்’. சரி, போன் ஓட அவர் வேண்டும். ஆனால் அவரோடு சொந்தபந்தங்களும் வந்திறங்கியிருந்தார்கள். நான் கேட்காத ரம்மி விளையாட்டு, ஐந்து நிமிடத்தில் கடன் தருவதாகச் சொல்லும் ஒரு ஆப், ஏற்கெனவே ஒரு பிரவுசர் இருக்கும்போது தங்கள் சொந்த பிரவுசர், குப்பையை அள்ளுவதற்கென்று ஒரு ‘கிளீனர்’. இந்தக் கிளீனர் 300 எம்பி குப்பை கிடக்கிறது என்று சிவப்பு எழுத்தில் பயமுறுத்தும். துடைத்து முடித்ததும் ராக்கெட் ஒன்று மேலே போவதைக் காட்டும். அப்புறம் விளம்பரம் போடும்.

அளவை விஷயத்தை முதலில் பேசிவிடுகிறேன். விற்கும்போது ஒரு ஜிபிக்கு 100 கோடி பைட் என்பது தங்கள் கணக்கு. கணினிக்காரர்களின் பழைய கணக்கில் அது 107,37,41,824 பைட். கிரயத்துக்கு ஒரு சர்வே சங்கிலி, அளவைக்கு வேறொரு சங்கிலி. இரண்டாவது சங்கிலியைப் போட்டால் 64 என்பது 59.6 ஆகிவிடுகிறது. இந்தக் குளறுபடி பெரிய மனைகளில் இன்னும் வேடிக்கை. 2023-ல் சாம்சங்கின் கேலக்ஸி எஸ்23 வரிசை வந்தபோது, 512 ஜிபி போனில் சிஸ்டம் மட்டும் 60 ஜிபி பிடிக்கிறது என்று செய்தி பரவியது. பிரித்துப் பார்த்தவர்கள், அதில் பாதிக்கு மேல் இந்த இரண்டு சங்கிலிக்கும் இடையில் விழுந்த வித்தியாசம்தான் என்றார்கள். அதாவது, இல்லாத நிலத்தையும் சிஸ்டம் பெயரில் பட்டா போட்டுக் காட்டியிருக்கிறார்கள். எங்கள் தாலுகா ஆபீஸில்கூட இந்த வேலை தெரிந்தவர்கள் குறைவு.

இனி அப்டேட்.

‘புதிய அனுபவம் காத்திருக்கிறது’ என்று ராத்திரி ஒரு அறிவிப்பு வந்தது. இறக்க 2 ஜிபிக்கு மேல் வேண்டும், நிறுவ அதற்கு மேலும் வேண்டும், தங்களிடம் இல்லை, தயவுசெய்து எதையாவது நீக்குங்கள் என்றது. நீக்குவதற்குத் தாங்களே ஒரு பட்டியலும் நீட்டினீர்கள். அந்தப் பட்டியலில் ரம்மி இல்லை, கடன் ஆப் இல்லை. மகளின் பள்ளி ஆண்டுவிழா வீடியோ முதலிடத்தில் இருந்தது, ‘பெரிய கோப்பு’ என்ற குற்றச்சாட்டுடன். அடுத்தது, அம்மா எனக்கு வத்தக்குழம்பு வைக்கச் சொல்லிக்கொடுத்து அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள், ‘நீண்ட நாள் திறக்கப்படாதவை’ என்ற பிரிவில். ஒருமுறை கேட்டால் வைக்கத் தெரியும் குழம்பை எதற்குத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும் என்பது தங்கள் வாதமாக இருக்கலாம்.

வீடியோவை நீக்கி, அப்டேட்டை ஏற்றி, ஆப்கள் ஒவ்வொன்றாகத் தயாராகும்வரை காத்திருந்து பார்த்தேன். ஐகான்களின் மூலைகள் இன்னும் கொஞ்சம் உருண்டையாகியிருந்தன. வானிலைப் படத்தில் மேகம் நகர்ந்தது. அந்த மேகம் நகர்வதற்காகத்தான் என் மகளின் பரதநாட்டியம் போயிற்று.

போன இடத்தைச் சட்டப்படியே மீட்கலாம் என்று வாட்ஸ்அப்பிலிருந்து ஆரம்பித்தேன். குற்றவாளி யார் என்று எல்லோரும் ஏற்கெனவே முடிவுகட்டி வைத்திருக்கிறார்கள்: காலை வணக்கம் அனுப்பும் பெரியம்மா. கூகுள் நிறுவனம் 2017 டிசம்பரில் வெளியிட்ட ‘ஃபைல்ஸ் கோ’ ஆப்பில், இந்தியர்களின் காலை வணக்கப் படங்களைத் தேடிப் பிடித்து ஒழிக்கவே தனி வசதி வைத்தார்கள். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெரியம்மாவின் ரோஜாப்பூ ஒன்று 100 கேபி என்று வையுங்கள். நாளுக்கு ஒன்று வீதம் அவர் அனுப்பினால், 1 ஜிபி நிரம்ப 27 வருடம் ஆகும். தாங்கள் ஒரே ராத்திரியில் கேட்ட 2 ஜிபியைப் பிடிக்க அவருக்கு 54 வருடம் வேண்டும். பெரியம்மாவுக்கு இப்போதே 71. ஆக்கிரமிப்பு நோட்டீஸ் யாருக்குப் போக வேண்டும் என்பதைத் தங்கள் மனசாட்சிக்கே விட்டுவிடுகிறேன்.

உண்மையில் வாட்ஸ்அப்பில் இடம் பிடிப்பது, நாம் அனுப்பும் வீடியோக்களுக்கு ‘சென்ட்’ என்ற ஃபோல்டரில் சத்தமில்லாமல் சேரும் பிரதி. கேலரியில் ஒன்று, சென்ட்டில் ஒன்று. அதை அழித்தபோது கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. கேலரியில் அழித்த படங்கள் உடனே போவதில்லை, பல போன்களில் 30 நாள் குப்பைத்தொட்டியிலேயே இடம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. அதையும் காலி செய்தேன். பிறகு ஒவ்வொரு ஆப்பாகத் திறந்து கேச் நீக்கினேன். இங்கே ஒரு வார்த்தை. ‘கிளியர் கேச்’, ‘கிளியர் டேட்டா’ என்று இரண்டு பட்டன்களை ஒட்டி ஒட்டி வைத்திருக்கிறீர்கள். முதலாவதால் ஒரு சேதமும் இல்லை. இரண்டாவதில் விரல் பட்டால் ஆப் நம்மை யாரென்றே தெரியாது என்கிறது. பாஸ்வேர்டு, ஓடிபி என்று முதலிலிருந்து தொடங்க வேண்டும். இந்த இரண்டு பட்டன்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்த அதிகாரிக்கு ஏதேனும் விருது கிடைத்ததா என்று அறிய விரும்புகிறேன்.

எல்லாம் முடிந்து சொந்தபந்தங்களிடம் வந்தேன். ரம்மியை நீக்க முடிந்தது. தங்கள் பிரவுசரை நீக்க முடியவில்லை, ‘டிசேபிள்’ மட்டும்தான். டிசேபிள் செய்தால் அவர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருக்கிறார், காலி செய்வதில்லை. அதைவிட ஒரு நுணுக்கம் இருக்கிறது. இந்த ஆப்களின், தொழிற்சாலையிலேயே ஏற்றிய பிரதி நான் கைவைக்க முடியாத சிஸ்டம் பகுதியில் இருக்கிறது. ஆப் பிளே ஸ்டோரில் அப்டேட் ஆகும்போது புதுப்பிரதி என் பகுதியில் வந்து இறங்குகிறது, பழையதும் அங்கேயே இருக்கிறது. ஆள் ஒருவர், வீடு இரண்டு. ஒன்று தங்கள் எல்லைக்குள், மற்றது என் எல்லைக்குள்.

இந்த வழக்கு டெல்லிவரை போன கதையும் தங்களுக்குத் தெரியாததல்ல. இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. முன்கூட்டியே போடப்பட்டு வரும் கூகுள் ஆப்களை வாடிக்கையாளர் நீக்குவதைத் தடுக்கக்கூடாது என்பதும் அந்த உத்தரவில் ஒரு கட்டளை. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் அபராதம் நின்றது, அந்தக் கட்டளை நிற்கவில்லை. அரசாங்கத்துக்குப் பணம் போய்ச் சேர்ந்தது, குடியிருப்பவர் குடியிருக்கிறார்.

‘தொழில்நுட்பக் காரணங்கள்’ என்று பதில் எழுதுவீர்கள். சில காரணங்கள் நியாயமானவை, ஒப்புக்கொள்கிறேன். பழைய சிஸ்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் புதியதைக் கட்டி வைத்து, ஏதாவது கோளாறானால் பழையதற்குத் திரும்புவது 2016-ல் ஆண்ட்ராய்டு 7-உடன் வந்த நல்ல ஏற்பாடு. கட்டி முடிக்கும்வரை இடம் வேண்டும்தான். அந்தத் தற்காலிக இடத்தைப் பற்றி எனக்கு வழக்கில்லை. முடிந்த பிறகும் திரும்பி வராத இடத்தைப் பற்றித்தான் இந்த மனு.

மனம் வைத்தால் முடியும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. ஆப்பிள் நிறுவனம் 2014-ல் ஐஓஎஸ் 8-ஐ வெளியிட்டபோது, அதை நேரடியாக ஏற்றச் சுமார் 5 ஜிபி காலியாக இருக்க வேண்டும் என்றது. 16 ஜிபி ஐபோன் வைத்திருந்தவர்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள். அந்த டிசம்பரில் அமெரிக்காவில் வழக்கும் போட்டார்கள். வழக்கு பின்னால் தள்ளுபடி ஆனது. ஆனால் மறுவருடம் வந்த ஐஓஎஸ் 9-க்கு 1.3 ஜிபி போதும் என்று அதே நிறுவனம் மேடையில் நின்று அறிவித்தது. 2017-ல் ஐஓஎஸ் 10.3-ல் கோப்பு முறையையே மாற்றியபோது, அப்டேட்டுக்குப் பிறகு காலியிடம் கூடியிருப்பதைக் கண்டு பலர் திகைத்தார்கள். அப்டேட் போட்டால் இடம் கூடுவதும் உலகத்தில் நடந்த விஷயம்தான்.

அந்த நல்ல பழக்கம் நீடிக்கவில்லை. 2024 அக்டோபரில் ‘ஆப்பிள் இன்டெலிஜென்ஸ்’ வந்தபோது அதற்கு 4 ஜிபி காலியாக வேண்டும் என்றார்கள். டிசம்பர் அப்டேட்டில் அது 7 ஜிபி ஆனது. செயற்கை நுண்ணறிவு வளர்கிறது என்பார்களே, அது இதுதான் போலிருக்கிறது.

மெமரி கார்டு போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லும் நிலையிலும் தாங்கள் இல்லை. விலை கூடக்கூட அந்த வாசலை அடைத்துவிட்டீர்கள்; சாம்சங் தன் உயர்ரக வரிசையில் 2021-ன் எஸ்21-இலேயே அடைத்துவிட்டது. மிச்சம் இருப்பது ஆகாயம். என் படங்களை ‘கிளவுட்’டுக்கு ஏற்றிவிட்டால் போனில் இடம் காலியாகும் என்கிறீர்கள். அங்கே முதலில் எல்லாம் இலவசம் என்று குடிவைத்தார்கள். 2021 ஜூன் 1 முதல் கூகுள் போட்டோஸில் ஏற்றும் படங்களெல்லாம் 15 ஜிபி கணக்கில் சேர்ந்தன. அந்த 15 ஜிபிக்குள்தான் ஜிமெயிலும் டிரைவும் இருக்க வேண்டும். அதற்கு மேல் வேண்டுமென்றால் மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். சொந்த மனையை விட்டுக் கிளப்பி, பக்கத்திலேயே வாடகைக்கு வீடு காட்டும் சாமர்த்தியத்தை எந்த ரியல் எஸ்டேட்காரரிடமும் நான் பார்த்ததில்லை.

‘அப்டேட்டே வேண்டாம் என்று விட்டுவிடலாமே’ என்று தாங்கள் கேட்பது காதில் விழுகிறது. விட முடியாது என்பது தங்களுக்குத் தெரியும். 2015-ல் ‘ஸ்டேஜ்ஃபிரைட்’ என்ற ஓட்டை ஆண்ட்ராய்டில் தெரியவந்தபோது, ஒரு எம்எம்எஸ் வீடியோ வந்து விழுந்தாலே போன் வேறொருவர் கைக்குப் போகலாம் என்ற நிலை. அதன் பிறகுதான் மாதாமாதம் பாதுகாப்புத் திருத்தம் வெளியிடும் வழக்கமே வந்தது. அது தேவை. சம்பளம் வரும் கணக்கு, ஆதார், பெண்டாட்டியின் நகைக்கடன் ரசீது எல்லாம் இந்தப் போனில்தான் இருக்கின்றன. பழைய சிஸ்டத்தில் வங்கி ஆப் திறக்க மாட்டேன் என்கிறது. தாங்கள் செய்வது, அந்த அவசியமான பூட்டை இந்த அநாவசியமான மேகத்தோடு ஒரே வண்டியில் ஏற்றி அனுப்புவது. பூட்டு வேண்டுமென்றால் மேகத்தையும் இறக்கிக்கொள்ள வேண்டும். என் குறையே இதுதான், மற்றதெல்லாம் உபரி.

ஆகவே தங்கள் சமூகத்தில் கேட்டுக்கொள்வது: பாதுகாப்புத் திருத்தத்தைத் தனியாகவும், உருண்டை மூலை, நகரும் மேகம் வகையறாக்களைத் தனியாகவும் அனுப்புங்கள். இரண்டாவதை வேண்டுமா என்று கேளுங்கள். இன்ஸ்டால் பட்டனுக்கு மேலேயே, இது முடிந்த பிறகு எவ்வளவு இடம் நிரந்தரமாகப் போகும் என்று ஒரு வரி எழுதுங்கள். பெட்டியின் மேல் 64 என்று அச்சிடும் அதே கொட்டை எழுத்தில், எனக்குக் கிடைக்கப்போவது எவ்வளவு என்பதையும் அச்சிடுங்கள். இப்போது ஏழு வருடம் அப்டேட் தருவதாகச் சில நிறுவனங்கள் வாக்குக் கொடுக்கின்றன. மகிழ்ச்சி. ஏழாவது வருடத்தில் என் பங்கு எத்தனை ஜிபி மிஞ்சும் என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டால், வாங்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொள்வோம். தங்கள் பிரவுசரைக் காலி செய்யும் உரிமையை எனக்குத் தாருங்கள். நீதிமன்றம் சொல்லித்தான் தர வேண்டும் என்பதில்லை.

பதிலை எஸ்எம்எஸ்ஸாக அனுப்பவும். பிடிஎஃப் வேண்டாம், வைக்க இடமில்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனை உரிமையாளர்.