கல்லும் கணவரும்: தோட்டப் பழம்பொருள் வணிகம் குறித்த ஒரு சிற்றாய்வு

தோட்டப் பழம்பொருள் வணிகம் என்பது, கிணற்றடியிலும் கட்டுத்தரையிலும் களத்திலும் ஒரு காலத்தில் ஓயாமல் உழைத்து, பின்பு வேலை பறிபோய், கிளுவை வேலியோரம் கவிழ்ந்து கிடக்கும் கல், இரும்பு, மரச் சாமான்களைத் தேடிப்பிடித்து வாங்கி, அவற்றைப் பயன்படுத்தத் தெரியாத அன்பர்களுக்கு அழகுப் பொருளாக விற்கும் தொழிலாகும். கொங்கு நாட்டார் தோட்டம் என்று சொல்வது கிணற்றுப் பாசனமுள்ள விளைநிலத்தை. கட்டுத்தரை என்பது அங்கே மாடு கட்டும் இடம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் தேக்குக் கதவு, பீங்கான் பூச்சுப் பாத்திரம், நிலைக்கண்ணாடி என்று வீட்டுக்குள் இருந்தவை விற்பனைக்கு வருகின்றன. காங்கேயம் வட்டாரத்தில் அப்படியொரு கடை வைப்பவருக்கோ வீட்டுக்கு வெளியே கிடந்தவையே சரக்கு. ஆட்டுக்கல், உரல், திருகை, செக்கு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் கல்தொட்டி, கவலை இறைத்த சால், அதன் உருளை ஆகியவை அவற்றுள் தலையாயவை. இத்தகைய கடையைக் கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து நடத்தினால் நேர்வன யாவை என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

இப்பொருள்கள் வேலையிழந்த வரலாற்றில் கோவைக்குப் பெரும் பங்கு உண்டு. கவலை என்பது, இரண்டு காளைகள் சரிவான தடத்தில் இறங்கும்போது தோல்வால் பொருத்திய சால் நீரோடு மேலேறி வாய்க்காலில் கொட்டுவதும், அவை பின்னோக்கி நடந்து மேலே வரும்போது சால் மறுபடி கிணற்றுக்குள் இறங்குவதுமான இறைப்பு முறையாகும். 1930-களில் பைக்காரா மின்சாரம் சமவெளிக்கு வந்தது, 1937-இல் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் கோவையிலேயே மின்மோட்டார் செய்து காட்டினர். அதன்பின் காங்கேயம் காளைக்கு ஓய்வு கிடைத்தது, சாலுக்கு வேலை போயிற்று. 1955-இல் கோவையைச் சேர்ந்த பி. சபாபதி மாவரைக்கும் கிரைண்டரை உருவாக்கிய பிறகு, ஆட்டுக்கல்லும் சாலைத் தேடி வேலியோரம் போய்ச் சேர்ந்தது. ஆட்டுக்கல்லை வெளியேற்றிப் பணம் பார்த்த அதே கோவைதான், இன்று புதிதாகக் கட்டிய பங்களாவின் வாசலில் நிறுத்துவதற்காக அதற்கு விலை பேசுகிறது. இங்கிலாந்திலும் இதே கூத்து நடந்திருக்கிறது. தானியக் களஞ்சியத்துக்கு எலி ஏறாதபடி அடியில் நிறுத்தப்பட்ட காளான் வடிவக் கற்கள், களஞ்சியங்கள் அழிந்த பின்னர், எலிகளைப் பற்றிக் கவலையே இல்லாதவர்களின் பூந்தோட்ட வாயில்களை அடைந்துவிட்டன.

இனித் தம்பதியரைக் காண்போம். ஒருவர் சேர்ப்பவர், மற்றவர் விற்பவர். பெரும்பாலும் கணவரே சேர்ப்பவராக அமைந்துவிடுகிறார். சேர்ப்பவர் என்பவர், கல்தொட்டியொன்றைக் கண்டால் விலையைக் கேட்பதற்கு முன்னால் அதன் விளிம்பைத் தடவிப் பார்ப்பவர். தலைமுறை தலைமுறையாக மாடுகளின் கழுத்து உரசி வழவழப்பான இடம் ஒன்று அங்கே இருக்கும், அது விரலுக்குத் தட்டுப்பட்டதும் அவர் முகம் தலைப்பிள்ளையைக் கையில் வாங்கிய தகப்பன் முகமாகிவிடும். விற்பவர் என்பவர், அதே தொட்டி கடையில் எத்தனை மாதம் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும் என்று கணக்குப் போடுபவர். “ஏனுங் மாமா, இது விக்கறதுக்குங்களா, கும்புடறதுக்குங்களா?” என்பது விற்பவர் எழுப்பும் அடிப்படை வினா. “இருக்கட்டும் அம்மிணி, நல்ல ஆளா வரட்டும்” என்பது சேர்ப்பவர் தரும் விடை. நல்ல ஆள் என்பது இத்தொழிலின் கலைச்சொற்களுள் ஒன்று. வாங்க வந்த எவருக்கும் இதுவரை பொருந்தாத ஒரு தகுதியை அது குறிக்கும்.

கொள்முதல் என்பது தனிக்கலை. சாளை எனப்படும் தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கும் பாட்டி, “அந்தக் கல்ல யாராச்சும் தூக்கீட்டுப் போனாப் போதுஞ் சாமி, பாம்பு அடையுது” என்று முதல்நாள் சொல்லியிருப்பார். மறுநாள் கடைக்காரர் விலை என்று ஒன்றைச் சொன்ன மாத்திரத்தில், அந்தக் கல் பாட்டியின் மாமியார் ஆட்டிய கல் என்பதும், மாமியார் எப்பேர்ப்பட்ட தங்கம் என்பதும் வெளிவரத் தொடங்கும். உயிரோடிருந்தபோது அந்த மாமியாருடன் அவர் ஒரு நாளும் ஒத்துப்போனதில்லை என்பது ஊரறிந்த செய்தியாயினும், விலை பேசும் இடத்தில் அதை எடுத்துரைப்பது அறிவுடைமை ஆகாது. கணவர் இக்கதையைக் கேட்டுக் கண்கலங்கி விலையை ஏற்றிக் கொடுத்துவிட்டு வருவார். ஆகவே, கொள்முதலுக்கு மனைவியையும் உடன் அழைத்துச் செல்வதே நடைமுறையில் சிறந்தது. மாமியார்க் கதைகளின் மெய்ப்பொருள் அவருக்குத் தெரியும்.

பொருளின் வயது மற்றொரு சிக்கல். கையுளியால் கொத்திய கல்லில் பொளிந்த தடம் ஏறியும் இறங்கியும் காணப்படும், குழியின் வாய் ஒரு பக்கம் மட்டும் கூடுதலாகத் தேய்ந்திருக்கும். இயந்திரத்தில் அறுத்த கல்லிலோ ரம்பத்தின் கோடு நேராக ஓடும். புதுக்கல்லில் சாணிக்கரைசலும் புளித்த மோரும் பூசிப் பாசி பிடிக்க வைத்துப் பழங்கல் ஆக்கும் வித்தை பல நாடுகளில் உண்டு. மழைமறைவுப் பகுதியாகிய காங்கேயத்தில் அந்த மோர் பாசியாவதற்கு முன்பே வெயிலில் காய்ந்து உதிர்ந்துவிடுவதால், இங்கே நேர்மை பெரிதும் தட்பவெப்பத்தால் காக்கப்படுகிறது. சட்டமும் வயதைக் கேட்கிறது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம், நூறாண்டுக்குக் குறையாத சிற்பம், கைவினைப் பொருள், முற்காலப் பழக்கவழக்கங்களைக் காட்டும் பொருள் போன்றவற்றைத் தொல்பொருள் என வரையறுத்து, அவற்றை வணிகம் செய்ய உரிமம் வேண்டும் என்றும், தனியார் எவரும் அவற்றை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யலாகாது என்றும் கூறுகிறது. இதன் பயனாக, வாடிக்கையாளர் முன்னிலையில் இருநூறு வயதை எட்டும் ஓர் உரல், அதிகாரி படியேறி வரும்போது தொண்ணூற்றொன்பதைத் தாண்டாமல் நின்றுவிடும். எழுத்துப் பொறித்த கல்லும் வீரக்கல்லும் இந்த வேடிக்கைக்கு அப்பாற்பட்டவை. அவற்றைக் கண்டால் விலை பேசாமல் வட்டாட்சியருக்குச் சொல்லிவிடுவதே முறை, இதில் மட்டும் கணவனுக்கும் மனைவிக்கும் கருத்து வேறுபாடு இருப்பதில்லை.

எடை பற்றியும் சிறிது கூறவேண்டும். ஒரு கன அடிக் கருங்கல் ஏறத்தாழ 75 கிலோ இருக்கும். நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரமுள்ள தொட்டி, குழிவைக் கழித்தாலும் அரை டன்னைத் தாண்டும். மற்றக் குடும்பங்களில் மனைவி, “அந்தப் பீரோவக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்க” என்றால் கணவர் முனகிக்கொண்டே தள்ளிவிட்டுப் போய்விடுவார்; இக்குடும்பத்தில் அதே சொல் செயலாவதற்குச் செயின் பிளாக், கடப்பாரை, உருட்டுக்கட்டை, நான்கு ஆட்கள், அவர்களுக்குத் தேநீர் ஆகியவை தேவைப்படும். முதல் முறை இறக்கிய இடமே நிலைத்த இடம் என்ற கோட்பாடு இல்லறத்துக்கு எவ்வளவு நன்மை செய்கிறது என்பதை இவ்வாறு கடை வைத்தவர்களே அறிவர்.

காட்சிப்படுத்தும் முறையைச் சிவன்மலையிலிருந்து கற்கலாம். அங்குள்ள சுப்பிரமணிய சுவாமி கோயிலில், பக்தர் ஒருவரின் கனவில் ஆண்டவர் குறிப்பிட்ட பொருளை, பூக்கேட்டு உறுதி செய்த பின், ஆண்டவன் உத்தரவுப் பெட்டி எனப்படும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பது வழக்கம். மண்ணும் தண்ணீரும்கூட அதில் இடம்பெற்றிருக்கின்றன, பெட்டிக்குள் வந்த பொருள் உலகநடப்பில் முக்கியத்துவம் பெறும் என்பது மக்கள் நம்பிக்கை. எவரும் திரும்பிப் பார்க்காத பொருளைக் கண்ணாடிக்குள் வைத்து விளக்குப் போட்டால் ஊரே வந்து பார்க்கும் என்பதை மனைவி இதிலிருந்து கற்றுக்கொள்வார். கணவர் கற்றுக்கொள்ளும் பாடம் வேறு: “ஒரு நாளைக்கு ஆட்டுக்கல்லும் பெட்டிக்கு வருமில்ல, அப்பப் பாரு வெலைய” என்று சொல்லி, கைக்கு வந்த வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

ஆகவே, பழைய கல்தொட்டி வாங்க எண்ணும் வாசகர்கள், சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச்சந்தை கூடும் நாட்களாகப் பார்த்துக் கடைக்கு வருவது நல்லது. அப்போது கணவர் காளை பார்க்கப் போயிருப்பார், கல்லாவில் மனைவி இருப்பார், விலை படியும். ட்ராக்டரை மட்டும் கையோடு கொண்டுவந்துவிட வேண்டும், ஏனெனில் கணவர் மாலையே திரும்பிவிடுவார்.