லாரி புராணம்

ராக் வரலாறு எழுதுகிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கிட்டார் பிடித்தவன் எல்லாம் அவதாரம், மைக் பிடித்தவன் எல்லாம் ஞானி. வண்டி ஓட்டியவனும் கேபிள் இழுத்தவனும் கணக்கிலேயே வர மாட்டார்கள். சமீபத்தில் மூன்று பழைய ஆல்பங்களை எல்.பி.யாக வாங்கினேன். மறுபதிப்புதான்; முதல் பதிப்புக்கு வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்க வேண்டும். லெட் ஜெப்பலினின் நான்காவது ஆல்பம், ரோலிங் ஸ்டோன்ஸின் 'எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்', டீப் பர்ப்பிளின் 'மெஷின் ஹெட்'. மூன்றையும் மாற்றி மாற்றிக் கேட்டதில் எனக்கு ஞானோதயம் ஆயிற்று. மூன்றுக்கும் கதாநாயகன் ஒருவனே. அவன் மனிதன் அல்ல, ஒரு லாரி.

புராணம் என்றால் ஒரு சாபத்தில்தான் தொடங்க வேண்டும். 1962-ல் லண்டனில் பிரையன் ஜோன்ஸ் என்ற இளைஞர், குழு தொடங்குகிறேன், ஆள் வேண்டும் என்று விளம்பரம் கொடுத்தார். முதல் ஆளாக வந்து நின்றவர் இயன் ஸ்டூவர்ட், பியானோக்காரர். மிக் ஜாகரும் கீத் ரிச்சர்ட்ஸும் அவருக்குப் பின்னால் வந்து சேர்ந்தவர்கள். அந்தக் குழுதான் ரோலிங் ஸ்டோன்ஸ். அடுத்த வருஷம் ஆண்ட்ரூ லூக் ஓல்ட்ஹாம் என்று பத்தொன்பது வயதில் ஒரு மேனேஜர் வந்தார். மீசை சரியாக முளைக்காத அந்த மேதை, குழுவில் ஆறு பேர் அதிகம், அதிலும் இந்த ஸ்டூவர்ட்டின் மூஞ்சி போஸ்டருக்கு ஆகாது என்று தீர்ப்பு எழுதிவிட்டார். குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர், ஒரே நாளில் குழுவின் வேன் டிரைவர் ஆனார்.

நானாக இருந்தால் வேனை ஆற்றில் விட்டிருப்பேன். ஸ்டூ கோபித்துக்கொண்டு போகவில்லை. மூட்டை தூக்கினார், வண்டி ஓட்டினார், மனசுக்குப் பிடித்த பாட்டுக்கு மட்டும் பியானோவில் உட்கார்ந்தார். மைனர் கார்டு வந்தால் கட்டையிலிருந்து கையை எடுத்துவிடுவார். அது அவருடைய கொள்கை. வெளியூர்க் கச்சேரிகளில் தங்குமிடம் பார்க்கும் வேலையும் அவருடையது. அதில்தான் நைஸாகப் பழிவாங்கினார். கோல்ஃப் மைதானத்தை ஒட்டி ஹோட்டல் பிடிப்பார். உலகமகா ரவுடிகள் என்று பேப்பர்க்காரர்கள் வர்ணித்த இளைஞர்கள், ஊருக்கு வெளியே, ஓய்வு பெற்ற பெரியவர்கள் நடைபயிலும் புல்வெளியைப் பார்த்தபடி கொட்டாவி விட்டுக்கொண்டிருக்க, ஸ்டூ ஜாலியாகக் கோல்ஃப் ஆடிக்கொண்டிருப்பார்.

இனி லாரி. ஸ்டூடியோ என்றால் சுவரில் கடிகாரம் உண்டு. கீத் ரிச்சர்ட்ஸின் உடம்பில் கடிகாரம் கிடையாது. மணிக்கணக்கில் வாடகை ஓடும், ஐயா வர மாட்டார். ஸ்டூவர்ட் யோசித்தார். இவர்களை ஸ்டூடியோவுக்கு இழுத்து வருவதைவிட, ஸ்டூடியோவை இவர்கள் படுத்திருக்கும் இடத்துக்கு ஓட்டிப் போவது சுலபம். ஒரு லாரியின் பெட்டிக்குள் டேப் மெஷினும், ஹீலியோஸ் கம்பெனியின் டிக் ஸ்வெட்டன்ஹாம் செய்து கொடுத்த மிக்ஸிங் கன்சோலும் ஏறின. பாட்டுக்காரர்கள் வீட்டுக்குள்ளே வாசிப்பார்கள். ஜன்னல் வழியாகக் கேபிள் வெளியே வரும். லாரிக்குள் ஒரு இஞ்சினியர் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு விதியை நொந்தபடி உட்கார்ந்திருப்பார். ரோலிங் ஸ்டோன்ஸ் மொபைல் என்று பெயர். சும்மா நிற்கும் நாட்களில் மற்றவர்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். 1971 என்ற ஒரே வருஷத்தில் என்னுடைய மூன்று ஆல்பங்களின் வாசலிலும் இந்த வண்டி போய் நின்றது.

ஜனவரியில் ஹாம்ப்ஷயர். ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய கட்டடம், 1795-ல் ஊர் ஏழைகளை அடைத்து வைத்து வேலை வாங்குவதற்காகக் கட்டியது. உள்ளே குளிர், ஈரம். அந்த இடத்தைத்தான், சொந்த விமானம் வாங்கும் அளவுக்குக் காசு வைத்திருந்த லெட் ஜெப்பலின், 'சூழ்நிலை நன்றாக இருக்கும்' என்று தேர்ந்தெடுத்தது. பணக்காரர்களுக்கு ஏழ்மை எப்போதுமே நல்ல சூழ்நிலைதான். அங்கே திரிந்த ஒரு கறுப்பு லாப்ரடார் நாயின் புண்ணியத்தில் முதல் பாட்டுக்கு 'பிளாக் டாக்' என்று பெயர் கிடைத்தது. பாட்டுக்கும் நாய்க்கும் வேறு சம்பந்தம் இல்லை.

இந்த ஆல்பத்தில் 'ஸ்டெர்வே டு ஹெவன்' பற்றி நான் பேசப் போவதில்லை. உலகம் முழுக்க கிட்டார் கடைப் பையன்கள் பேசி முடித்துவிட்டார்கள். 'ஃபோர் ஸ்டிக்ஸ்' பாட்டில் ஜான் பானம் கைக்கு இரண்டாக நான்கு குச்சி பிடித்து வாசித்தார் என்பது நல்ல தகவல், பாட்டு சுமார். எனக்கு விலை வந்துவிட்டது என்று தோன்றிய இடம் கடைசிப் பாட்டு, 'வென் த லெவி பிரேக்ஸ்'. 1927 மிசிசிப்பி வெள்ளத்தைப் பற்றி 1929-ல் மெம்ஃபிஸ் மின்னியும் கன்சாஸ் ஜோ மெக்காயும் பதிவு செய்த ப்ளூஸ் பாட்டு அது. ஜெப்பலின் அதைத் தூக்கி வந்து தூண் கட்டிவிட்டது. டிரம்ஸைக் கீழே கூடத்தில் வைத்தார்கள். ஆண்டி ஜான்ஸ் என்ற இஞ்சினியர் மாடிப்படியின் உச்சியில் இரண்டே இரண்டு மைக்குகளைக் கட்டி, கீழே பார்த்துத் தொங்கவிட்டார். காலால் மிதிக்கும் பெரிய டிரம்முக்குள் தனி மைக் கிடையாது, ஒன்றும் கிடையாது. அடி விழுகிறது, சத்தம் சுவர்களில் மோதிப் படியேறிப் போய் மைக்கில் விழுகிறது, கேபிள் வழியாக லாரிக்கு இறங்குகிறது. ஸ்பீக்கரில் கேட்டுப் பாருங்கள். டிரம்ஸ் கேட்காது, வீடு கேட்கும். 1986-ல் பீஸ்டி பாய்ஸ் இந்த அடியை அப்படியே வெட்டி எடுத்துத் தங்கள் முதல் ஆல்பத்தின் முதல் பாட்டில் ஒட்டினார்கள். திருடனிடமே திருடுவதில் ஒரு நியாயம் இருக்கிறது.

இந்த ஆல்பத்தின் 'ராக் அண்ட் ரோல்' பாட்டில் பின்னால் ஒரு பியானோ கலகலவென்று ஓடும். அது ஸ்டூவர்ட். வண்டியோடு வந்தவர் சும்மா நிற்பானேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. குழுவின் பெயர் இல்லை, ஆல்பத்தின் பெயர் இல்லை. முதுகில் குச்சிக்கட்டைச் சுமந்து ஒரு கிழவர் நிற்கிறார். ஐம்பது வருஷமாக அவரை மந்திரவாதி, சித்தர் என்று என்னென்னவோ சொல்லி ஆராய்ச்சி செய்தார்கள். 2023-ல் மூலப் புகைப்படம் கிடைத்தது. 1892-ல் எடுத்தது. அவர் லாட் லாங், வில்ட்ஷயரில் கூரை வேய்ந்து பிழைத்த மனிதர். கூரைக்குக் குச்சி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார், பாவம்.

கோடையில் லாரி பிரான்ஸுக்குப் போயிற்று. ஸ்டோன்ஸ், இங்கிலாந்து வருமான வரிக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடி வந்திருந்த சமயம். அதிகாரத்தை எதிர்த்துப் பாடிய புரட்சிக்காரர்களை ஒரு வரிப் படிவம் நாடு கடத்திவிட்டது. வில்ஃப்ரான்ஷ் என்ற கடற்கரை ஊரில் நெல்கோட் என்ற மாளிகையைக் கீத் வாடகைக்கு எடுத்தார். வெளியே தூணும் தோட்டமும் மத்தியதரைக் கடலும். பதிவு நடந்ததோ நிலவறையில், வெக்கையில். கிட்டாரைச் சுருதி சேர்த்து முடிப்பதற்குள் கம்பி தளர்ந்துவிடும். காற்றோட்டம் இல்லாத அந்தக் கொடுமையிலிருந்து பிறந்த பாட்டுக்கு 'வென்டிலேட்டர் ப்ளூஸ்' என்றே பெயர் வைத்தார்கள். பக்கத்து ரயில் பாதையிலிருந்து கரண்ட் திருடினார்கள் என்றொரு கதையும் உண்டு. ஜெப்பலின் வீட்டில் மைக் தொங்கவிட்ட அதே ஆண்டி ஜான்ஸ்தான் இங்கேயும் லாரிக்குள். முதலாளி மாடியில் தூங்குகிறாரா, தூக்கம் தெளியுமா என்று அவருக்கும் தெரியாது.

எல்லாருக்கும் வேளை வேறு, வீடு வேறு. ஒரு நாள் கீத் தூங்கி எழுந்து கீழே வந்தபோது தயாரிப்பாளர் ஜிம்மி மில்லரும் சாக்ஸஃபோன்காரர் பாபி கீஸும் மட்டும்தான் இருந்தார்கள். டிரம்ஸ்காரருக்காகக் காத்திருக்கவில்லை. தயாரிப்பாளரே டிரம்ஸில் உட்கார்ந்தார், 'ஹாப்பி' பிறந்தது. அக்டோபரில் மாளிகைக்குள் திருடர்கள் வந்து கிட்டார்களை அள்ளிக்கொண்டு போனார்கள். போவோரும் வருவோருமாக இருந்த அந்த வீட்டில் யார் விருந்தாளி, யார் திருடன் என்று எப்படித்தான் கண்டுபிடிப்பது?

18 பாட்டு, இரண்டு தட்டு, 1972 மே மாதம் வெளியீடு. எல்லாரும் இதை ஸ்டோன்ஸின் உச்சம் என்கிறார்கள். மிக் ஜாகருக்கே இதன் மிக்ஸிங் பிடிக்காது. பின்னே, அவர் குரல் பாதி நேரம் சாம்பாருக்குள் முருங்கைக்காய் மாதிரி அடியில் கிடக்கிறது. எனக்கு அதுதான் பிடிக்கிறது. என் தீர்ப்பு இது: இரண்டாவது பக்கத்துக்காக இந்தத் தட்டை வாங்கலாம். 'ஸ்வீட் வர்ஜீனியா', 'டார்ன் அண்ட் ஃப்ரேட்', 'ஸ்வீட் பிளாக் ஏஞ்சல்', 'லவ்விங் கப்' என்று நான்கே பாட்டு, ஒன்றுகூடச் சோடை இல்லை. மூன்றாவது பக்கத்தில் 'ஐ ஜஸ்ட் வான்ட் டு சீ ஹிஸ் ஃபேஸ்' வரும்போது நான் காபி போடப் போய்விடுவேன். ரசிக நண்பர்கள் அடிக்க வருவார்கள், வரட்டும்.

டிசம்பரில் சுவிட்சர்லாந்து, மாந்த்ரூ. ஏரிக்கரை சூதாட்ட விடுதியில் பதிவு செய்யலாம் என்று டீப் பர்ப்பிள் லாரியோடு வந்து இறங்கியது. அங்கே கடைசியாக ஒரு கச்சேரி பாக்கி, ஃப்ராங்க் ஸாப்பாவுடையது. டிசம்பர் 4. கூட்டத்தில் ஒரு பிரகஸ்பதி தீப்பொறித் துப்பாக்கியைக் கூரையை நோக்கிச் சுட, விடுதி மொத்தமும் சாம்பல். நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. ஸாப்பாவின் சாமான்கள் எல்லாம் போயின. அந்த மனிதருக்கு ஏழரை அத்தோடு விடவில்லை. ஆறே நாளில் லண்டன் ரெயின்போ அரங்கில் ஒருவன் மேடையேறி அவரை வாத்தியக்காரர்கள் உட்காரும் பள்ளத்தில் தள்ளிவிட்டான். கால் உடைந்தது, குரல்வளை நசுங்கி, குரலே தடித்துப்போனது.

டீப் பர்ப்பிள் அடுத்துப் பிடித்த இடம் பெவிலியன் என்ற ஊர் அரங்கு. நள்ளிரவில் அவர்கள் போட்ட சத்தத்துக்கு மொத்த ஊரும் எழுந்துவிட்டது. போலீஸ் வந்து கதவைத் தட்டியது. உள்ளே ஒரு டேக் ஓடிக்கொண்டிருந்தது. குழுவின் மூட்டை தூக்கும் ஆட்கள் கதவை உள்ளிருந்து அழுத்திப் பிடித்துக்கொள்ள, டேக் முடிந்தது. உலகத்திலேயே அதிகமாகத் தப்பாக வாசிக்கப்படும் கிட்டார் ரிஃப் அப்படித்தான் பதிவாயிற்று. நம் பையன்கள் கனத்த கார்டாகப் போட்டு டொய்ங் டொய்ங் என்று பிக்கால் தேய்ப்பார்கள். குழுவின் கிட்டார்காரர் ரிச்சி பிளாக்மோர் பிக்கை விட்டுவிட்டு இரண்டு தந்திகளை விரலால் சேர்த்துக் கிள்ளுகிறார். தட்டில் அந்தக் கிள்ளல் தெளிவாக விழுந்திருக்கிறது. ஐந்து தடவை கேட்டாலும் அலுக்கவில்லை.

பெவிலியனிலிருந்து கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிய பிறகு, குளிர்காலத்துக்காக மூடிக் கிடந்த கிராண்ட் ஹோட்டல். அதன் தாழ்வாரத்தில் மெத்தைகளை முட்டுக் கொடுத்து ஸ்டூடியோ செய்தார்கள். வாசித்ததைக் கேட்க லாரிக்குப் போக வேண்டுமானால் படுக்கையறைகள், பால்கனி என்று பனியில் ஒரு பாதயாத்திரை. இரண்டொரு நடையில் வெறுத்துப்போய், நன்றாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். இன்றைக்குக் கம்ப்யூட்டரில் ஒரு தும்மலை நாற்பது தடவை திருத்துகிறவர்கள் இந்த ஹோட்டலில் ஒரு வாரம் தங்கிவிட்டு வரலாம்.

விடுதி எரிந்த கதையையே அந்த ரிஃபுக்கு வரிகளாக்கி 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' செய்தார்கள். லாரியும் அதில் வருகிறது. பாட்டை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. முதல் சிங்கிளாக வெளியிட்டது 'நெவர் பிஃபோர்' என்ற பாட்டை. அந்தப் பாட்டு இன்று யாருக்கு ஞாபகம்? புகைப் பாட்டு 1973-ல் சிங்கிளாக வந்து அமெரிக்காவில் நான்காம் இடம் பிடித்தது. எனக்குக் கேட்டால் இரண்டுமே இல்லை, 'லேஸி'தான். ஜான் லார்ட் ஆர்கனை வைத்துக்கொண்டு முதலில் முனகி, பிறகு உறுமி, அப்புறம் துள்ளிக் குதிக்கிறார். பிளாக்மோர் அதற்குப் பதில் சொல்கிறார். பாடகர் இயன் கில்லன் பாதிப் பாட்டு தாண்டித்தான் வாயே திறக்கிறார். பாடகர்கள் இவ்வளவு நேரம் சும்மா இருப்பது ஆரோக்கியமான விஷயம்.

லாரி இப்போது கனடாவில், கால்கரி நகரத்து தேசிய இசை மையத்தில் நிற்கிறது. 1985-ல் ஸ்டூவர்ட் காலமானார். நான்கு வருஷம் கழித்து ஸ்டோன்ஸை ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தபோது அவருடைய பெயரையும் சேர்த்தார்கள். அங்கே மூஞ்சி ஒரு தகுதி இல்லை. 1975-ல் லண்டன் லைசியத்தில் பாப் மார்லி நடத்திய கச்சேரியைப் பதிவு செய்ததும் இதே வண்டிதான். அந்தத் தட்டும் கடையில் இருக்கிறது, விலைதான் கொஞ்சம் கூட. பேரம் பேசிக்கொண்டிருக்கிறேன்.