லென்சும் லட்டும்: ரேணிகுண்டா வான்வழியில் கேமராவின் பாதுகாப்பு குறித்த ஓர் ஆய்வு

விமானத்தில் கேமராவைப் பத்திரமாகக் கொண்டுபோவது எப்படி என்று எழுதிய அறிஞர்கள் அனைவரும் நான்கு பகைவர்களையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்: பெட்டியைத் தூக்கி எறியும் ஊழியர், எக்ஸ்ரே, ஈரம், திருடன். அந்த அறிஞர்களில் ஒருவர்கூடத் திருப்பதியிலிருந்து குடும்பத்தோடு விமானம் ஏறியதில்லை என்பதற்கு அந்தப் பட்டியலே சான்று. அதில் பிரசாதம் இல்லை. இக்குறையை நீக்குவதே இந்த ஆய்வின் நோக்கம்.

முதலில் ஆய்வின் எல்லை. 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமானது. சித்தூரும் திருப்பதியும் கலெக்டரைப் பிரித்துக்கொண்டன, சம்பந்திகளைப் பிரித்துக்கொள்ளவில்லை. சித்தூரில் பெண் எடுத்து, ரேணிகுண்டாவில் விமானம் ஏறி, ஐதராபாத்தில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறவர்கள் இரு பக்கமும் இருப்பதால், இரண்டையும் ஒரே களமாகக் கொள்வதே முறை. களத்தின் நடுவே நிற்பது ரேணிகுண்டா விமான நிலையம். அதன் புதிய முனையத்தை 2015 அக்டோபர் 22 அன்று பிரதமர் திறந்துவைத்தார். பெயர் கருடா முனையம். பொருத்தமான பெயர்தான். ஆனால் அந்தக் கருடன் தன்மேல் அமர்ந்தவரின் சங்கையும் சக்கரத்தையும் எடை போட்டுப் பார்த்ததாக எந்தப் புராணமும் சொல்லவில்லை.

இனி முன்னோர் வழக்கு. 1856இல் மதராஸ் மாகாண அரசு லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரியைப் படம் பிடிக்கும் வேலைக்கு அமர்த்தியது. ஆள் உட்காரும் பலகை அளவு கேமரா, மெழுகேற்றிய காகித நெகட்டிவ், மருந்துப் புட்டிகள் எல்லாவற்றையும் மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், மதுரை என்று சுற்றினார் அவர். படங்கள் இன்றும் இருக்கின்றன. எந்த வண்டிக்காரரும் அவரிடம் கைப்பை எத்தனை கிலோ என்று கேட்கவில்லை. பிறகு கவர்னராக வந்த சார்லஸ் ட்ரெவெலியன், இதற்கெல்லாம் இவ்வளவு செலவா என்று அந்த வேலையையே நிறுத்திவிட்டார். காளையால் வராத கேடு கணக்கால் வந்தது. இந்தக் கணக்குதான் நம் காலத்தில் தராசாக வடிவெடுத்து விமான நிலையக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறது என்பது இவ்வாய்வாளரின் துணிபு.

உள்நாட்டு விமானங்களில் கைப்பைக்குப் பொதுவாக ஏழு கிலோ. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 115 சென்டிமீட்டர். வெளிநாட்டு நூல்கள் ஒருமனதாகப் பரிந்துரைக்கும் பெட்டி பெலிகன் 1510. தண்ணீர் புகாது, தூசி புகாது, மாடியிலிருந்து விழுந்தாலும் உள்ளே இருப்பதற்கு ஒன்றும் ஆகாது என்கிறார்கள். நம்பலாம். உள்ளே வைக்கும் நுரைத் திண்டோடு சேர்த்து வெறும் பெட்டியே 6.2 கிலோ. ஏழில் மிச்சம் 800 கிராம். தேவஸ்தானத்தின் பெரிய லட்டு 750 கிராம். ஆக, உலகத்தின் மிகச் சிறந்த கேமராப் பெட்டியில் ஒரு பெரிய லட்டு கச்சிதமாகப் போகும். கேமராவுக்குத்தான் இடமில்லை.

இந்த எடைப் பொருத்தம் தற்செயல் அன்று. சின்ன லட்டு 175 கிராம், கேனனின் ஆர்.எஃப். 50 எம்.எம். எஃப் 1.8 லென்ஸ் 160 கிராம். பெரிய லட்டு 750 கிராம். சோனியின் 24–70 எம்.எம். எஃப் 2.8 லென்ஸின் இரண்டாம் பதிப்பு 695 கிராம். இரண்டும் உருண்டை. இரண்டும் கையில் அடங்கும். எதைக் கீழே போட்டாலும் குடும்பத்தில் ஒரு வருஷத்துக்குப் பேச்சு. எடைக்கு எடை ஒன்றின் இடத்தை மற்றொன்று பிடிக்க வல்லது என்பதால், தராசு முள் ஏழைத் தாண்டும் கணத்தில் இரண்டுக்கும் நேரடிப் போட்டி மூள்கிறது. அந்தப் போட்டியின் முடிவு என்ன என்பதே இவ்வாய்வின் மையக் கேள்வி.

"ஏழு கிலோதான் சார், ரெண்டு கிலோ அதிகமா வருது" என்று கவுண்டர்ப் பெண் சொன்னதும் குடும்பம் ஓரமாக ஒதுங்கித் தரையில் உட்காரும். ஜிப் திறக்கப்படும். மேலே நாலு கவர் லட்டு, அதன் கீழே வடை, அதன் கீழே துண்டில் சுற்றிய லென்ஸ், அடியில் குங்குமப் பொட்டலம்.

"கருப்பா கனமா இருக்கே, இதை அந்தப் பெரிய பெட்டியில போட்டுடுங்க மாப்பிள்ளை."

"அத்தை, அது லென்ஸு. ரெண்டு லட்ச ரூபா."

"இருக்கட்டும். பிரசாதத்தைப் போயி மூட்டையோட மூட்டையா போடறதா? அங்க தூக்கித் தூக்கிப் போடுவான். லட்டு உதிர்ந்து போயிடாது?"

அத்தையின் வாதத்தை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. அதில் பக்தி பாதி, பொருளறிவு பாதி. உதிரும் பண்டம் கையில், உதிராத பண்டம் சரக்கறையில் என்பது சுமை கட்டத் தெரிந்த எவரும் ஒப்புக்கொள்ளும் நெறி. லென்ஸுக்குள் இருபது வில்லைகள் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றன, ஒன்று மயிரிழை விலகினால் படத்தின் ஒரு ஓரம் மட்டும் கலங்கித் தெரியும் என்பது அத்தைக்குத் தெரியாது. வெளியே கீறல் இல்லையென்றால் அடுத்த கல்யாணத்தில் முதல் குரூப் போட்டோ எடுக்கும்வரை மாப்பிள்ளைக்கும் தெரியாது. எனவே லென்ஸ் கீழே போகிறது, லட்டு மேலே போகிறது. இதைப் 'பிரசாத முன்னுரிமை விதி' என்று இக்கட்டுரை அழைக்கும்.

விதிக்கு அரசின் ஒப்புதலும் உண்டு. முழுத் தேங்காயை விமான அறைக்குள் விடுவதில்லை. எண்ணெய்ச் சத்துள்ள கொப்பரையோ தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள்களின் பட்டியலில் இருக்கிறது. அப்படியிருந்தும் 2024 அக்டோபரில், சபரிமலைப் பருவத்தை முன்னிட்டு, இருமுடியில் உள்ள தேங்காயைக் கையோடு கொண்டுபோக 2025 ஜனவரி 20 வரை அனுமதி தந்தார்கள். கேமராக்காரர்கள் எந்தப் பருவத்திலும் இப்படி ஒரு சலுகை பெற்றதில்லை. விரதமும் இருந்ததில்லை என்பது வேறு.

கீழே போன லென்ஸுக்குக் கதி என்ன? உள்நாட்டுப் பயணத்தில் சரக்குப் பெட்டி தொலைந்தாலோ உடைந்தாலோ விமான நிறுவனத்தின் பொறுப்பு 20,000 ரூபாயோடு முடிகிறது. அதிலும் கேமரா போன்ற விலையுயர்ந்த, உடையக்கூடிய பொருளைச் சரக்கில் போட்டால் அது உங்கள் பாடு என்று பயணச் சீட்டின் நிபந்தனைகளில் பொடி எழுத்தில் இருக்கும். கனடாவின் டேவ் கரோல், தன் கிடார் விமானப் பயணத்தில் உடைந்ததைப் பாட்டாகப் பாடி 2009இல் உலகப் புகழ் பெற்றார். கேமராக்காரருக்கு அந்த வழியும் அடைப்பு. உடைந்த கேமராவை வைத்து எதைப் படம் எடுப்பது?

பேட்டரி மட்டும் விதிவிலக்கு. உதிரி லித்தியம் பேட்டரி சரக்கறைக்குப் போகவே கூடாது. அங்கே தீப்பிடித்தால் அணைக்க ஆளில்லை. 100 வாட்-மணிக்குள் இருந்தால் கேள்வியில்லாமல் கையோடு போகலாம். 160 வரை நிறுவனத்தைக் கேட்டுக்கொண்டு இரண்டு. அதற்கு மேல் இல்லை. கேமரா பேட்டரி ஒன்று சுமார் 16 வாட்-மணிதான், கவலை வேண்டாம். முனைகள் ஒன்றோடொன்று உரசாமல் டேப் ஒட்டினால் போதும். ஆனால் ஐதராபாத்துக்குப் போகும் விமானம் ஏடிஆர் 72 ஆக இருந்தால், தலைக்கு மேல் உள்ள அறை சிறியது என்று படிக்கட்டருகிலேயே பையை வாங்கிக்கொள்வார்கள். அந்த அவசரத்தில் பேட்டரிகளைப் பிடுங்கி எங்கே வைப்பது? அருகில் திறந்த வாயோடு இருப்பது ஒரே பை. லட்டுப் பை.

இங்கே ஆய்வு நோயியலுக்குள் நுழைகிறது. தேவஸ்தான லட்டின் உட்பொருள்களுக்குத் 'திட்டம்' என்று அளவுப் பட்டியல் உண்டு: கடலை மாவு, நெய், சர்க்கரை, முந்திரி, திராட்சை, ஏலக்காய், கல்கண்டு. பச்சைக் கற்பூர வாசனையும் சேரும். இவற்றில் கேமராவுக்கு ஆகாதவை இரண்டு, நெய்யும் கல்கண்டும். நெய் கவரைத் தாண்டி வரும்; விமானக் குளிரில் உறைந்து ஒன்றும் தெரியாதது போல் இருக்கும்; இறங்கி ஆட்டோவில் போகையில் இளகி வேலையைக் காட்டும். முன் கண்ணாடியில் விரல் நுனி அளவு நெய் பட்டால் போதும், ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும், எடுக்கப்பட்டவர் தகுதி பார்க்காமல் எல்லார் தலைக்குப் பின்னாலும், காலண்டர் சாமிப் படத்தைப் போல ஒளிவட்டம் வரும். கல்கண்டுத் துணுக்கு ஜூம் வளையத்தின் இடுக்கில் போய் உட்காரும், திருப்பினால் நறநறக்கும். அதை வேட்டி நுனியால் துடைப்பவர் கோட்டிங்கைக் கீறிக்கொள்கிறார். முதலில் ப்ளோயரால் ஊதி, பிறகு மெல்லிய துணி, கடைசியில்தான் லென்ஸ் திரவம். இந்த வரிசை மாறக் கூடாது. மூன்றாம் நாள் காலையில் கேமராப் பையின் ஜிப்பு வழியே சிற்றெறும்புகள் வரிசையாகப் போய்வருவதைக் காணலாம். ஈரத்துக்குச் சிலிகா ஜெல் பொட்டலம் போடச் சொல்லும் எந்த நூலும் எறும்புக்கு மருந்து சொல்லவில்லை.

எக்ஸ்ரே பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் பயப்பட ஒன்றுமில்லை. டிஜிட்டல் கேமராவுக்கும் மெமரி கார்டுக்கும் அதனால் கேடில்லை. ஃபிலிம் போடுகிறவர்கள்தான் கவனிக்க வேண்டும்: சரக்குப் பெட்டிகளைச் சோதிக்கும் கருவி ஃபிலிமில் மூட்டம் போட்டுவிடும், புது சி.டி. வகைக் கருவி இருந்தால் கையால் சோதிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும் என்கிறது கோடாக். திருப்பதிக்காரருக்குக் கூடுதல் சிக்கல், மலையேறும் முன் அலிபிரியிலும் பைகள் கருவிக்குள் போய்வருகின்றன. ஃபிலிம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கு வைத்துக்கொள்ளும்.

கோவிலுக்குள் கேமராவே கூடாது எனும்போது அதை ஏன் மலைக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டும் என்று ஒரு சாரார் கேட்பர். டெபாசிட் கவுண்டரில் டோக்கன் வாங்கி உட்கார்ந்துவிட்டு இறங்கி வரும் கேமராக்கள் ஏராளம் என்பது உண்மையே. ஆனால் அவர்கள் சந்திரகிரிக் கோட்டையை மறந்தார்கள், தலக்கோணா அருவியை மறந்தார்கள், எல்லாவற்றுக்கும் மேலாகச் சித்தூரில் மாந்தோப்பின் நடுவே பொண்ணு மாப்பிள்ளையை நிற்கவைத்து எடுக்கும் படத்தை மறந்தார்கள். இக்கேள்விக்கு இதற்குமேல் விடை தேவையில்லை.

நிறைவாக, இதே மாவட்டத்திலிருந்து ஒரு சிறிதும் சேதமில்லாமல் வெகுதூரம் போன கேமரா ஒன்றைச் சான்றாகக் காட்ட வேண்டும். ஸ்ரீஹரிகோட்டா 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. அங்கிருந்து 2013 நவம்பர் 5 அன்று பி.எஸ்.எல்.வி. சி-25இல் ஏறிய மங்கள்யானின் வண்ணக் கேமரா 1.27 கிலோ; இரண்டு பெரிய லட்டைவிடக் குறைவு. 2014 செப்டம்பர் 24இல் செவ்வாயைச் சுற்றத் தொடங்கி, அந்தக் கோளின் முழு வட்டத்தையும் படமெடுத்து அனுப்பியது. ஏவுவதற்கு முன் ராக்கெட்டின் சிறு மாதிரியைத் திருமலைக்கு எடுத்துப்போய்ச் சுவாமியிடம் வைத்துவிட்டு வருவது இஸ்ரோ தலைவர்களின் வழக்கம். அவர்களும் பிரசாதத்தோடுதான் மலையிறங்கியிருப்பார்கள். வேறுபாடு ஒன்றே: அதை ராக்கெட்டில் ஏற்றவில்லை.

நமக்கு அந்த வசதி இல்லை. எனவே நடைமுறையில் கண்ட வழிகள்: பாடியில் கனமான லென்ஸை மாட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்வது, பெரும்பாலும் தராசு அதைப் பார்ப்பதில்லை, சிறிய லென்ஸைச் சட்டைப் பைக்குள் போடுவது, தொப்பையென்று எண்ணிக்கொள்வார்கள். இவற்றைவிட உறுதியானது, முன்னுரிமை விதியை அதன் போக்கிலேயே பயன்படுத்திக்கொள்வது. லென்ஸைத் துணியில் சுற்றி, நெய் படாத புதிய லட்டுக் கவர் ஒன்றில் போட்டு, வாயைக் கட்டி, அத்தையின் மடியில் கொடுத்துவிட வேண்டும். கவுண்டரில் என்ன நடந்தாலும், படிக்கட்டில் யார் பையைக் கேட்டாலும், அந்தக் கவர் கீழே போகாது. வீடு சேர்ந்ததும் முதல் வேலையாக அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். செருப்பைக் கழற்றுவதற்குள் மேல் வீட்டுக்கு ஒன்று, கீழ் வீட்டுக்கு ஒன்று, வாட்ச்மேனுக்கு ஒன்று என்று அத்தை கவர்களைப் பங்கிடத் தொடங்கிவிடுவார். பிரசாதம் என்று கொடுத்ததைத் திருப்பிக் கேட்கும் பழக்கம் எந்த அடுக்ககத்திலும் இல்லை.