அறிவிப்பு அண்ணாச்சி

பிரசங்கம் முடிந்து குருவானவர் 'ஆமென்' சொன்னதும் அச்சன்புதூர்ப் பக்கத்து சி.எஸ்.ஐ. கோயில்களில் ஒரு சலசலப்பு எழும். தூங்கினவர்கள் விழித்துக்கொள்வார்கள். அதுவரை முழித்திருந்தவர்கள் வசதியாகச் சாய்ந்துகொள்வார்கள். கைக்குழந்தைக்காரிகள் எழுந்து வராந்தாவுக்குப் போவார்கள். ஆண்கள் பக்கம் இரண்டாம் வரிசையிலிருந்து அறிவிப்பு அண்ணாச்சி எழுந்துவிட்டார் என்று அர்த்தம்.

அண்ணாச்சிக்குப் பேர் உண்டு. அது ஞானஸ்நானப் பதிவேட்டோடு சரி. சபைச் செயலர் என்று பதவியும் உண்டு. ஆனால் ஊர் அவரை அடையாளம் காண்பது வாரா வாரம் அவர் வாசிக்கும் அறிவிப்பை வைத்துத்தான். பெரும்பாலும் திருமண்டலத்தின் டி.டி.டி.ஏ. பள்ளிக்கூடம் ஒன்றில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவராக இருப்பார். அதனால் ஐம்பது வயது விவசாயியையும் மூன்றாம் வகுப்புப் பையனாகவே பார்ப்பார். வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா. நீலப் பேனா அறிவிப்புக்கு. சிவப்புப் பேனா சங்கக் காணிக்கை பாக்கி வைத்திருப்பவர்களுக்கு.

கையிலிருக்கும் தாள் யாரோ ஒருவருடைய பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம். மைக்கை இரண்டு தட்டுத் தட்டுவார். பிரசங்கம் முழுக்க வேலை செய்த மைக்தான், ஆனாலும் தட்டுவார். பிறகு கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, கண்ணாடிக்கு மேலாகச் சபையை ஒரு பார்வை பார்ப்பார். யார் வரவில்லை என்ற கணக்கு அந்தப் பார்வையிலேயே முடிந்துவிடும்.

"கர்த்தருக்குள் பிரியமானவர்களே, ரெண்டே ரெண்டு அறிவிப்பு."

ஐயர்வாள் கடிகாரத்தைப் பார்ப்பார். (எங்கள் பக்கம் குருவானவரை ஐயர்வாள் என்றுதான் சொல்வது.) ஒரு சேகரத்தில் பல ஊர்க் கோயில்கள். இங்கே முடித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் அடுத்த ஊருக்குப் போய் அங்கேயும் ஆராதனை நடத்த வேண்டும். அங்கே இரண்டாம் மணி அடித்திருப்பார்கள். இங்கே அண்ணாச்சி முதல் அறிவிப்பின் முன்னுரையில் இருப்பார்.

சட்டப்படி பார்த்தால் அண்ணாச்சி அந்த இடத்தில் நிற்கவே கூடாது. நம் கோயில்களுக்கு வழிவழியாக வந்த ஆங்கிலிக்கன் ஜெபப்புத்தகம், 1662-ஆம் வருடத்தது, இதில் கறாராக இருக்கிறது. ஆராதனை வேளையில் எதையும் அறிவிப்பதானால் குருவானவர் மட்டுமே அறிவிக்கலாம். அவரும் புத்தகத்தில் விதித்ததையும், அரசரோ அத்தியட்சரோ கட்டளையிட்டதையும் தவிர வேறொன்றையும் சொல்லக் கூடாது. அந்தக் காலத்து இங்கிலாந்திலும் ஓர் அண்ணாச்சி இருந்திருப்பார் போலிருக்கிறது. இல்லாமல் யாராவது இப்படி ஒரு விதியை எழுதிவைப்பார்களா?

1919-இல் தரங்கம்பாடியில் கூடி, சபைகளெல்லாம் ஒன்றாக வேண்டும் என்று பேச ஆரம்பித்தார்கள். பேராயர் வேண்டுமா, குருப்பட்டம் யார் தருவது என்று 28 வருடம் பேசினார்கள். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை மூன்றும் சேர்ந்து 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ., பிறந்தது. மூன்று தரப்பும் பழசில் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் புதிசாக ஒரு வழிபாட்டு முறையை எழுதிக்கொண்டன. அந்தச் சந்தில் அண்ணாச்சி உள்ளே நுழைந்துவிட்டார்.

சபையின் ஒரு வாரம் முழுவதும் அந்தத் தாளில் இருக்கும். செவ்வாய்க்கிழமை வீட்டு ஜெபக்கூட்டம். யார் வீட்டில் என்று சொன்னால் போதாதா? அண்ணாச்சி வழி சொல்வார். பிறந்ததிலிருந்து அதே தெருவில் இருப்பவர்களுக்கு, அதே தெருவில் இருக்கும் வீட்டுக்கு வழி. "கூட்டம் நடத்துறவங்க காபியோட நிறுத்திக்கிடணும். போன வாரம் ஒரு வீட்டுல வடையும் கேசரியும் வச்சிருக்காவ. அடுத்த வீட்டுக்காரங்களுக்கு அது பாரமாயிரும்." வடை வைத்த அம்மாள் பெண்கள் பக்கம் நாலாவது வரிசையில் தலை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்வார். அந்த வடையில் ஐந்தைச் சாப்பிட்டவர் அண்ணாச்சி.

புதன் பாடகர் குழுப் பயிற்சி. "கட்டைக் குரல்ல ஆள் கொறவா இருக்கு, வாலிபத் தம்பிமார் வரணும்." வியாழன் பெண்கள் ஐக்கிய சங்கம். வெள்ளி உபவாச ஜெபம். உபவாசம் முடிந்ததும் சாம்பார் சாதம் உண்டு என்பதை மூன்று தரம் சொல்வார், கூட்டம் சேரவேண்டுமே. சனிக்கிழமை கோயில் கூட்ட வேண்டிய தெரு எது, போன வாரம் கூட்டாமல் விட்ட தெரு எது என்று இரண்டும் வரும். நற்போதகம் பத்திரிகைக்குச் சந்தா கட்டாதவர்கள் பட்டியலும் உண்டு. அதைப் பேர்பேராக வாசிக்கக் கூடாது என்று கமிட்டியில் தீர்மானம் போட்டுவிட்டார்கள். அதனால் இப்போது முதல் எழுத்தை மட்டும் சொல்லி, ஆளைப் பார்ப்பார்.

கைப்பிடி அரிசிக்குத் தனியாக ஒரு பத்தி. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை ஆண்டவருக்கென்று கலயத்தில் போட்டுவைத்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுவருவது திருநெல்வேலிச் சபைகளில் நெடுங்கால வழக்கம். ஏழையும் கொடுக்கக்கூடிய காணிக்கை அது. கோயில் வாசல் சாக்கில் கைவிட்டுப் பார்த்தால் பொன்னியும் இட்லி அரிசியும் பச்சரிசியும் கலந்து கிடக்கும். அதை ஏலத்தில் எடுப்பவர் என்ன சமைப்பது என்று திகைக்க வேண்டியதுதான். "ரேஷன் அரிசி போடுறவங்க கொஞ்சம் புடைச்சாவது போடுங்க. ஆண்டவர் இருதயத்தப் பாக்காரு, ஏலம் எடுக்கவரு அரிசியப் பாக்காரு." இந்த ஒரு வரிக்காகவே நான் அண்ணாச்சியின் எத்தனையோ குற்றங்களை மன்னித்திருக்கிறேன்.

அடுத்து காணிக்கை வரவு. இங்கேதான் தூங்குகிற கிழவரும் காதைத் தீட்டுவார். "பிறந்தநாள் ஸ்தோத்திரக் காணிக்கை, ரூபாய் நூற்றி ஒண்ணு. கன்னுக்குட்டி போட்டதுக்காக, ரூபாய் ஐம்பது. பேர் சொல்ல விரும்பாத ஒரு சகோதரி, ரூபாய் ரெண்டாயிரம். வடக்குத் தெரு. மகன் சிங்கப்பூர்ல இருக்கான்." வடக்குத் தெருவில் சிங்கப்பூர்க்காரன் ஒருவன்தான். பேர் சொல்லாத அந்தச் சகோதரி தலையைக் குனிந்து, சந்தோஷத்தை அடக்கிக்கொண்டிருப்பார். அண்ணாச்சி அவர் கேட்டபடி பேரைச் சொல்லவும் இல்லை. அவர் கேட்காமல் ஆசைப்பட்டதைச் செய்யாமலும் விடவில்லை. ஆனால் ஒரு ஐம்பது ரூபாய் விட்டுப்போனால் தொலைந்தது. மூன்று வாரம் அந்த வீட்டில் அவருக்குத் தண்ணீர்கூடக் கிடையாது.

கல்யாண ஓலை மட்டும் இன்னும் அவர் கைக்கு வரவில்லை. தொடர்ந்து மூன்று ஞாயிறு, குருவானவர்தான் வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நடக்க இருக்கிறது, தடை ஏதும் உண்டென்று அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று சொல்லி நிறுத்துவார். அந்த அமைதியில் சபையே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த நேரம் பார்த்து அண்ணாச்சிக்கு இருமல் வரும். பெண்ணைப் பெற்றவருக்கு வேர்த்துக்கொட்டும். ஒரு தரம் மட்டுமென்றால் தற்செயல் என்று விடலாம். இரண்டாம் ஓலைக்கும் மூன்றாம் ஓலைக்கும்கூட இருமுவார். அவருக்குக் கல்யாணச் சாப்பாட்டில் முதல் பந்தி ஏன் நிச்சயம் என்பது இப்போது விளங்கியிருக்கும்.

ஜூன் பிறந்து சாரல் விழ ஆரம்பித்தால் அண்ணாச்சிக்குப் புது வேகம் வரும். குற்றாலத்தில் சீசன். சென்னையிலும் தூத்துக்குடியிலும் இருக்கும் சொந்தக்காரர்கள் வீடு நிறைய வந்து இறங்குவார்கள். கோயிலில் பாதிப் பெஞ்சு காலி. மீதிப் பெஞ்சில் புதுமுகங்கள். மேக்காத்து ஜன்னல் வழியாக அடித்து அறிவிப்புத் தாளைப் பறக்கடிக்கப் பார்க்கும். அவர் அதைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, "வந்திருக்கிற விருந்தாளிகள் தயவுசெய்து எழும்பி நிக்கணும்" என்பார். நிற்பவர்களிடம் ஊர், வேலை, எந்தச் சபை எல்லாம் விசாரிப்பார். கடைசியில், "ஆராதனைக்கு வராம ஐந்தருவிக்குப் போனவங்க வீட்டார் இங்க இருந்தா சொல்லிருங்க. அருவி சாயந்தரமும் விழும்." சொல்லிவிட்டு உட்கார்ந்தவர், ஆசீர்வாதம் வாங்கிய கையோடு பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அதே ஐந்தருவிக்குப் போவார். திரும்பும்போது பிரானூர் பார்டரில் புரோட்டா. அங்கே பாதிச் சபையும் வரிசையில் நிற்கும். அங்கேயும் விட்டுப்போன ஓர் அறிவிப்பைச் சொல்வார்.

அவருடைய முழுத் திறமையையும் பார்க்க வேண்டுமானால் அறுப்பின் பண்டிகைக்கு வர வேண்டும். வாழைத்தார், தேங்காய், எலுமிச்சை, நெல் மூட்டை, கால் கட்டிய சேவல் என்று விளைந்ததும் வளர்ந்ததும் கோயில் முற்றத்துக்கு வரும். ஏலம் விடுவது அண்ணாச்சி. ஒரு நாட்டுக்கோழி முட்டையைக் கையில் தூக்கி, "இது சாதாரண முட்டை இல்ல" என்று ஆரம்பிப்பார். ஐந்து ரூபாயில் தொடங்கி ஐந்நூறுக்குப் போகும். எடுத்தவர் ஜம்பமாகக் கோயிலுக்கே திருப்பிக் கொடுப்பார். மறுபடி ஏலம். அதில் எடுத்தவரும் திருப்பிக் கொடுப்பார். சாயந்தரத்துக்குள் அந்த முட்டை குஞ்சு பொரிக்கும் பருவத்துக்கு வந்துவிடும். ஏலத்திலும் ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். ஓலையிலும் முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம். ஓய்வுநாள் பள்ளிச் சிறுமி ஒருத்தி தன் சித்தியின் ஓலையைக் கேட்டுவிட்டு, "சித்திய எவ்வளவுக்கு எடுத்தாவ?" என்று கேட்டாளாம். வரதட்சிணைப் பேச்சு நடந்த வீடு. யாரும் பதில் சொல்லவில்லை.

அறிவிப்பைச் சுருக்குங்கள் என்று எந்த ஐயர்வாளாவது சொல்லிப் பார்த்தால் அண்ணாச்சி கோபப்பட மாட்டார். வேதநாயகம் சாமுவேல் அசரியாவை எடுத்து முன்னால் வைப்பார். "1903-ல பாளையங்கோட்டையில இந்திய மிஷனெரி சங்கம் ஆரம்பிச்சாவ. அசரியா அதுக்கு யாரு? செயலர். 1912-ல ஆங்கிலிக்கன் சபைக்கே முதல் இந்தியப் பேராயர் ஆனாரு. செயலரு பதவிய லேசா நினைச்சிராதீங்க ஐயா." வெள்ளாளன்விளையில் பிறந்து தோர்ணக்கல் வரை போனவர் அசரியா. அண்ணாச்சி வடகரை வரை போவார், அதுவும் சைக்கிளில். ஆனால் அந்த வாதத்துக்கு எந்த ஐயர்வாளும் பதில் சொல்லியதில்லை. சில வருடங்களில் ஐயர்வாளுக்கு மாற்றல் வந்துவிடும். அண்ணாச்சிக்கு மாற்றல் கிடையாது.

மூன்று வருடத்துக்கு ஒரு தரம் தேர்தல்தான் உண்டு. திருநெல்வேலித் திருமண்டலத்தில் தேர்தல் என்றால் எங்கள் பக்கத்தில் விளக்க வேண்டியதில்லை. சட்டமன்றத் தேர்தலில் சோம்பி உட்கார்ந்திருப்பவன்கூட இதில் அணி கட்டுவான். அப்படி ஒரு தேர்தலில் அண்ணாச்சி தோற்றார். எதிர் அணியிலிருந்து செயலராக வந்தவன் கம்ப்யூட்டர் படித்த பையன். சபைக்கு வாட்ஸ்அப் குழு ஒன்றைத் தொடங்கினான். முதல் ஞாயிறு எழுந்தான், மைக்கைத் தட்டவில்லை. "அறிவிப்புகள் குரூப்ல போட்டிருக்கு. காணிக்கை மொத்தம் நாலாயிரத்து முந்நூறு. நன்றி." உட்கார்ந்துவிட்டான்.

ஐயர்வாள் முகத்தில் அன்றைக்கு இருந்த பிரகாசத்தைக் கிறிஸ்துமஸ் அன்றுகூட யாரும் பார்த்ததில்லை.

செவ்வாய்க்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு உபதேசியாரும் வீட்டுக்காரரும் மட்டும் இருந்தார்கள். குழுவில் வந்த செய்தி, இருபத்தெட்டு 'குட் மார்னிங்' பூக்களுக்கு அடியில் கிடந்தது. உபவாச ஜெபத்தில் சாம்பார் சாதம் ஒரு அண்டா மிஞ்சியது. வடக்குத் தெருச் சகோதரி கமிட்டி மெம்பர் ஒருவரை வழியில் மறித்தார். "நான் போட்டது ரெண்டாயிரம். அது அந்த நாலாயிரத்து முந்நூறுக்குள்ள இருக்கா, இல்லையா? யாருக்குத் தெரியும்?" அடுத்த வாரம் உறையில் இருநூறுதான் இருந்தது. கல்யாண ஓலை வாசித்தபோது யாரும் இருமவில்லை; பெண்ணைப் பெற்றவருக்கே ஏதோ குறைந்த மாதிரி இருந்ததாம்.

ஜெயித்த அணியிலிருந்தே நாலு பேர் அண்ணாச்சி வீட்டுக்குப் போனார்கள்.

"அண்ணாச்சி, பழசெல்லாம் மனசுல வைக்காதீங்க. நீங்களே வாசிச்சிருங்களேன்."

"பதவி இல்லாதவன் எப்படிடே மைக் முன்னால நிக்க? சபைக்கு ஒரு ஒழுங்கு வேண்டாமா?"

"தம்பி வாசிப்பான். விவரம் மட்டும் நீங்க சொல்லுங்க."

அண்ணாச்சி கொஞ்ச நேரம் மோட்டைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார். விட்டுப்போன மூன்று வாரமும் அதில் தேதிவாரியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பையன் எழுந்து, "மேலும் விவரங்கள் அண்ணாச்சி சொல்லுவாவ" என்றதும் ஆண்கள் பக்கம் இரண்டாம் வரிசையில் வேட்டி சரசரத்தது. மைக்கில் டொக், டொக். ஐயர்வாள் அங்கியோடு மெல்ல வெளியே வந்து, வேப்பமரத்தடியில் நின்று அடுத்த ஊர் உபதேசியாருக்குப் போன் போட்டார்.

"நீங்க ஆராதனைய ஆரம்பிச்சிருங்க. முதல் பாட்டுக்குக் கீர்த்தனை எடுங்க. சரணம் ஜாஸ்தியா உள்ளதாப் பாத்து எடுங்க, என்ன?"