செருப்புக்கடை விலையில் சூரியன்

கேள்வி: நமக்குத்தான் மண்டையைப் பிளக்கும் வெயில். பாதி வருஷம் மேகமூட்டமாக இருக்கும் ஜெர்மனி எப்படி சோலாரில் முந்தியது?

பதில்: அவர்கள் நம்பியது வெயிலை அல்ல, சட்டத்தை! 2000இல் வந்த சட்டப்படி, கூரையில் சோலார் பலகை மாட்டி நீங்கள் தரும் மின்சாரத்தை மின்கம்பி வைத்திருப்பவர் வாங்கியே ஆகவேண்டும். விலை 20 வருஷத்துக்கு நிச்சயம். முதலில் யூனிட்டுக்கு 99 ஃபெனிக் (அன்றைய ஜெர்மன் காசு). அசல் செருப்புக்கடை விலை. வங்கிக்காரர் கூப்பிட்டுக் கடன் கொடுக்கமாட்டாரா?

சரி, பணம் யாருடையது? எல்லார் கரண்ட் பில்லிலும் ஒரு கூடுதல் வரி. ‘மாதம் ஒரு உருண்டை ஐஸ்கிரீம் விலைதான்’ என்றார் அமைச்சர் யூர்கன் ட்ரிட்டின். 2014இல் அது யூனிட்டுக்கு 6.24 சென்ட். வருஷத்துக்கு 3,500 யூனிட் செலவாகும் வீட்டுக்கு மாதம் 18 யூரோ. அத்தனை ஐஸ்கிரீம் தின்றால் ஜலதோஷம்தான்! மின்சாரத்தை அள்ளிக் குடிக்கும் பெரிய ஆலைகள் பலவற்றுக்கு மட்டும் சலுகை. (அது எல்லா ஊர் வழக்கம்.) 2022 ஜூலையில் அந்த வரியை பில்லிலிருந்து எடுத்து அரசு கஜானா தலையில் கட்டினார்கள்.

ஆனாலும் திட்டாதீர்கள். அவர்கள் அதிக விலை கொடுத்து வாங்கியதால்தான் சீனத் தொழிற்சாலைகள் பெருகின, பலகை விலை சரிந்தது. உங்கள் மொட்டை மாடி சோலாருக்கு ஜெர்மானியரும் கொஞ்சம் மொய் எழுதியிருக்கிறார்.