பொந்துக்குள் ஒரு சர்க்கார்

நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோயிலில் பட்டுப்போன பலா மரம் ஒன்றைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். பெயர் அம்மச்சிப் பிலாவு. எதிரிப் பிரபுக்களான எட்டுவீட்டில் பிள்ளைமார் வெட்டத் துரத்தியபோது மார்த்தாண்ட வர்மா இதன் பொந்தில்தான் ஒளிந்தாராம். உயிர் தப்பிய ராஜா பிறகு திருவிதாங்கூரையே கட்டி ஆண்டார். பொந்துக்குள் குந்துவது மட்டும் அந்த மண்ணின் அரசியல் வழக்கமாகத் தங்கிவிட்டது.

சுதந்திரத்துக்குப் பின் வந்த திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தைப் பாருங்கள். ஏ.ஜே. ஜான் மந்திரிசபைக்கு மார்ஷல் நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் முட்டுக்கொடுத்தது. 1953 செப்டம்பரில் முட்டை உருவினார்கள் (கோழி முட்டை அல்ல), கூரை இறங்கிவிட்டது.

அடுத்த ஆண்டுத் தேர்தலில் காங்கிரசுக்கு 45 இடம், பட்டம் தாணுப்பிள்ளையின் பிரஜா சோஷலிஸ்டுக்கு 19. முதலமைச்சர் ஆனது பட்டம்! பல்லக்குத் தூக்கிகள் உள்ளே இருப்பவரைவிடக் கனமாக இருந்த ஊர்வலம் அது. இரண்டு கட்சியையும் ஒட்டிய பலாச் சக்கைப் பசை, கம்யூனிஸ்டு பயம். ஆனால் சக்கை வெட்டத் தெரிந்தவன் கையில் முன்னமே எண்ணெய் தடவிக்கொள்வான். காங்கிரசுக்கு வெட்டத் தெரியும். 1955 பிப்ரவரியில் கையை வழவழவென்று எடுத்துக்கொண்டது.

அதற்கு முன் 1954 ஆகஸ்டு 11 இருக்கிறது. தமிழ்த் தாலுகாக்களைப் பிரித்துத் தரச்சொன்ன கூட்டத்தின்மேல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. செத்தவர்களை வைத்துச் சிரிக்க எனக்கு மனசில்லை. சிரிப்பு மேலிடத்தில் இருக்கிறது: பிரஜா சோஷலிஸ்டுக் கட்சிக்கு அதிசயமாக வாய்த்த அந்த சர்க்காரை ராஜினாமா செய்யச் சொன்னவர் கட்சியின் பொதுச் செயலாளர் லோகியாவேதான். பட்டம் அசையவில்லை. கட்சிதான் உடைந்தது.

பிறகு முதலமைச்சர் ஆனது காங்கிரசின் பனம்பிள்ளி கோவிந்த மேனன். தமிழ்த் தாலுகாக்களை மதராசுக்குக் கொடுப்பதா என்று சொந்தக் கட்சிக்காரர்கள் ஆறு பேர் கோபித்துப் போக, 1956 மார்ச்சில் அவரும் இறங்கினார். 2018 டிசம்பரில் அமெரிக்காக்காரன் 35 நாள் சர்க்காரைப் பூட்டிவிட்டு உலகமே பார்க்க ஒப்பாரி வைத்தான். இங்கே ஒரு வருஷத்துக்கு மேல் மந்திரியே கிடையாது. ஜனாதிபதி பெயரில் ஃபைல் நகர்ந்தது. மந்திரிகளால் முடியாத எல்லைப் பிரிவினையும் அப்போதுதான் முடிந்தது.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு இந்தப் பக்கம் வந்தன. நெய்யாற்றின்கரையும் அதற்குள் இருந்த பாறசாலையும் அந்தப் பக்கமே நின்றன. அவன் இவனைப் ‘பாண்டி’ என்றான், இவன் அவனை ‘மலையாளத்தான்’ என்றான். சென்னைக்காரன் பலாப்பழம் என்கிறான். எல்லையில் இருக்கும் களியக்காவிளைக்கு அங்கேயும் இங்கேயும் அது சக்கைதான்.