அப்பா கொடுக்கும் ஸ்டைபண்ட்

2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு, ஜூனியர் வக்கீல்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் கொடுக்கும்படி மாநில பார் கவுன்சிலைச் சுற்றறிக்கை விட வைத்தது. சீனியர்கள் வயிற்றில் புளி கரைந்தது. நல்லவேளை, அக்டோபரில் இந்திய பார் கவுன்சில் இதே தொகையை நாடு முழுக்கப் பரிந்துரைத்து, கட்டாயமில்லை என்று பாலையும் வார்த்தது. ஆக, ஸ்டைபண்ட் பொறுப்பு பழையபடி அப்பா தலையில். பரீட்சை வைத்துத் திறமையை அளப்பதெல்லாம் பழைய முறை. மூன்று வருடம் பிள்ளையின் ரூம் வாடகை, மெஸ் பில், கோட்டு, கவுன் எல்லாவற்றையும் ஒரு அப்பா தாங்குவாரா என்று பார்த்தால் போதும், சட்ட அறிவு தானாகத் தெரிந்துவிடும்.

கிராமத்துப் பிள்ளைகள் பாதியில் ஓடிவிடுகிறார்களே என்று சிலர் அங்கலாய்க்கிறார்கள். தொழில்பற்று இல்லாதவர்கள் ஓடத்தான் செய்வார்கள். பற்றுள்ளவன் அரை ஏக்கரை விற்றிருக்க மாட்டானா? சீனியர்கள் மட்டும் சம்பளம் வாங்கியா வளர்ந்தார்கள் என்ற வாதமும் நியாயமானதே. பலருக்குச் சீனியராக இருந்தவர் சொந்த அப்பா. அவரிடம் போய்ச் சம்பளம் கேட்பது மரியாதையா? பகலெல்லாம் கேஸ் கட்டு சுமந்து வாய்தா வாங்கிவிட்டு, ராத்திரி ஆபீஸில் டிராஃப்ட் அடிப்பதால் வேலையின் தரமும் கெடுவதில்லை. முதலாளி குறைந்தபட்சக் கூலிகூடக் கொடுப்பதில்லை என்று தொழிலாளிகள் தாக்கல் செய்யும் மனுக்கள் அத்தனை உருக்கமாக இருக்கின்றனவே, அவற்றை உட்கார்ந்து எழுதுவது யார் என்று நினைக்கிறீர்கள்?